மாலை நோட்டில் ஏறிய நம்பர்

ரப்பர் தேய்ந்துபோன கைத்தடியைச் சிமெண்ட் தரையில் ஊன்றுகிற சத்தம் மரத்தின் சத்தமாக இருக்காது. அடியில் இருக்கிற இரும்புப் பூண்தான் தரையைத் தொடும். டக். அப்புறம் ஒரு காலை இழுக்கிற சத்தம். அப்புறம் மறுபடியும் டக். எங்கள் ஆபீஸ் வராந்தா நீளமானது. அந்தக் கோடியில் தொடங்கிய சத்தம் என் மேஜைக்கு வந்து சேர நேரம் பிடித்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்று மாதத்துக்கு முன்னால் இறந்துபோனவர் என்று நானே எழுதி அனுப்பிய மனிதர் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

உட்காருங்கள் கண்ணு. மாடிச் சாவி எங்கும் போய்விடாது. வாடகை சொல்லிவிட்டேன், அட்வான்ஸ் சொல்லிவிட்டேன், தண்ணீர் வருகிற நாளும் சொல்லிவிட்டேன். நீங்கள்தான் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்றைச் சொன்னீர்கள். ஆடிட்டர் ஆபீஸில் வேலை, கம்பெனிகள் ஆட்களுக்குக் கொடுக்கிற பென்ஷன், கிராஜுவிட்டிக் கணக்கைப் பார்க்கிறேன் என்று. அதைக் கேட்டதும் நான் சாவியைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டதைப் பார்த்திருப்பீர்கள். வாடகையை ஏற்றப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அது இல்லை.

நீங்கள் எந்தக் கம்பெனிக் கணக்கெல்லாம் பார்க்கிறீர்கள்? சரி, சொல்ல வேண்டாம். நானும் என் கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். கணபதிப் பக்கம், மோட்டார் பம்பு செய்கிற கம்பெனி. அந்தப் பக்கம் அப்படி நூறு இருக்கிறது, கண்டுபிடிக்க முடியாது. முடியுமா?

நான் அங்கே அக்கவுண்ட்ஸ் கிளார்க். அம்சவேணி, பி.காம். என் வீட்டுக்காரர் மஞ்சள்காமாலையில் போனபோது பையனுக்கு மூன்று வயது. அந்த வேலை ஒன்றுதான் எனக்கு இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

எங்கள் கம்பெனியில் ஒரு பென்ஷன் உண்டு. சர்க்கார் கொடுப்பது வேறு, இது வேறு. பெரிய முதலாளி அந்தக் காலத்தில் ஏற்படுத்தியது. இருபத்தைந்து வருடம் வேலை செய்தவனுக்கு உயிர் உள்ளவரை மாதப் பணம். அவன் போனபிறகு மனைவிக்கு அதில் பாதி. அதற்கென்று தனியாக ஒரு டிரஸ்ட், அதில் பணம். வருடா வருடம் மார்ச் முடிந்ததும் ஆட்களின் பட்டியலை மெட்ராஸில் ஓர் ஆக்சுவரிக்கு அனுப்புவோம். அவர் ஓர் அட்டவணை வைத்திருப்பார். அறுபத்தொன்பது வயதுக்காரன் இன்னும் எத்தனை வருடம் இருப்பான், அவன் மனைவி எத்தனை வருடம் இருப்பாள் என்று அதில் போட்டிருக்கும். அத்தனை பேருக்கும் கடைசிவரை கொடுக்க வேண்டுமானால் இன்றைக்கு டிரஸ்டில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அவர் சொல்லுவார். இருப்பது குறைந்தால் கம்பெனி போட வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? உங்களுக்கு நான் இதைச் சொல்கிறேன் பாருங்கள்.

அந்த அட்டவணையை முதல் தடவை பார்த்த நாளை நான் மறக்கவில்லை. ஆயிரம் பேர் ஒரு வயதில் புறப்படுகிறார்கள். பக்கத்தின் அடியில் ஒருவரும் இல்லை. என் வயதுக்கு நேரே விரல் வைத்துப் பார்த்தேன். பையன் வயதுக்கு நேரே வைக்கப் போய், எடுத்துவிட்டேன். எங்கள் மேனேஜர் சேஷகோபாலன் கிராம்பு மென்றுகொண்டே சிரிப்பார். "என்ன அம்சவேணி, போன வருஷம் ரெண்டே பேர்தான் போயிருக்கான்? அட்டவணைப்படி நாலு பேர் போயிருக்கணுமே. நம்ம ஆளுங்க கம்பெனிக்கு நஷ்டம் பண்றானுங்க." வேடிக்கைக்குத்தான் சொல்லுவார். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது?

யார் போனார்கள் என்பது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மற்ற இடங்களில் வருடம் ஒருமுறை நேரில் வந்து, நான் உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். பெரிய முதலாளி அதற்கு ஒப்பவில்லை. "என் ஆளு நான் சாகலீங்கன்னு வந்து எங்கிட்டக் கெஞ்சோணுமா?" என்று கேட்டாராம். அதனால் எங்களுக்கு மாலை நோட்டுதான் கணக்கு. ஓய்வு பெற்ற தொழிலாளி யார் தவறினாலும் கம்பெனி செலவில் ஒரு சம்பங்கி மாலை போகும். கேட்டில் வாட்ச்மேனாக இருக்கிற நஞ்சப்பன் நோட்டில் தவறியவரின் கம்பெனி டோக்கன் நம்பரும் தேதியும் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு மாலைக்குப் பணம் கொடுப்பார். மார்ச் முடிவில் அந்த நோட்டு என் மேஜைக்கு வரும். மாலை போன நம்பரை நான் பட்டியலில் அடிப்பேன். முப்பது வருடம் அப்படித்தான் நடந்தது. ஒரு தப்பு வந்ததில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் நோட்டில் நானூற்றுப் பதினெட்டு இருந்தது. வெள்ளிங்கிரி, ஃபவுண்டரி. அடித்தேன். ஆக்சுவரிக்கு அனுப்பினேன். ரிப்போர்ட் வந்தது. அந்த வருடம் கம்பெனிக்குக் கஷ்டகாலம், பேங்கில் கடன் கேட்டிருந்தார்கள். டிரஸ்டில் இருந்த பணம் ஆக்சுவரி கேட்டதைவிட முப்பத்தெட்டாயிரம் அதிகம் என்று வந்தது. பல வருடத்தில் முதல் தடவை. சேஷகோபாலன் எம்.டி. ரூமுக்குப் போய், "இந்த வருஷம் டிரஸ்டுக்கு நாம ஒரு பைசா போட வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். எங்கள் செக்‌ஷனுக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். போர்டில் கணக்கு பாஸ் ஆனது. ஆடிட்டர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் அந்தக் கைத்தடி வந்தது.

"ஏனுங் அம்மிணி, மூணு மாசமாப் பணம் வரலீங். நீதான் எடுத்துக்கிட்டயான்னு தபால்காரனை வஞ்சு போட்டேன். அவன் கம்பெனியிலதான் அனுப்பலேங்கறான். நெசமுங்களா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். ஃபவுண்டரியில் உருகிய இரும்பு தெறித்த தழும்பு, இடது புருவத்தில். அவரேதான்.

"நீங்க... உங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்குங்க?" என்று கேட்டேன். என்ன கேள்வி பாருங்கள்.

"எனக்கென்னுங். எங்கண்ணன்தான் மாசியில தவறிட்டாரு. நம்ம கம்பெனியிலிருந்து மாலையெல்லாம் வந்துச்சுங். நஞ்சப்பன் மகராசன். பெரிய மனசு."

மத்தியானம் கேட்டுக்குப் போய், பேச்சோடு பேச்சாக நஞ்சப்பனைக் கேட்டேன். "ஆமாங்க்கா, அவங்கண்ணன் நம்ம கம்பெனி ஆளில்லீங். ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே வூடு. மாலை கேட்டு வந்து நிக்கறபோது இல்லீங்கறதுங்களா? டோக்கன் நம்பர் எழுதாம மாலைக்குக் காசு குடுக்க முடியாதே. வெள்ளிங்கிரி நம்பரைப் போட்டுட்டேன். ஒரு மாலைதானே?" என்றார். அந்த நோட்டு எனக்கு எதற்கு வருகிறது என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு யாரும் சொன்னதில்லை.

நான் மேனேஜரிடம் போயிருக்க வேண்டும். தெரியும். எழுந்தும் போனேன், அவர் ரூம் கதவு வரைக்கும். உள்ளே அவர் யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். "ஒரு நம்பர் போர்டுக்குப் போயாச்சுன்னா அது கல்லுல வெட்டினது ஓய்" என்றார். சாதாரணமாகச் சொன்னார். எனக்குத் தேவசகாயத்தின் முகம் நினைவுக்கு வந்தது. டெஸ்பாட்சில் இருந்தவர். ஒருவருக்குப் போக வேண்டிய கடிதத்தை இன்னொருவர் கவரில் போட்டுவிட்டார். அவ்வளவுதான். சாப்பாட்டு மணி அடிக்கிறவரை நிற்க வைத்து, பிறகு டிபன் கேரியரைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவர் கேட்டைத் தாண்டும்போது அந்தக் கேரியர் ஆடியது. நான் ஜன்னலில் நின்று பார்த்தவள்.

திரும்பி வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வெள்ளிங்கிரிக்கு மாதம் நானூற்றைம்பது. அறுபத்தொன்பது வயது. மனைவி மாராத்தாளுக்கு அறுபத்து மூன்று. இரண்டு பேரையும் உயிரோடு போட்டால் ஐம்பதாயிரம் வந்தது. முப்பத்தெட்டாயிரம் அதிகம் என்றது போய், பன்னிரண்டாயிரம் குறைவு என்று ஆகிவிடும். பேங்கில் அந்தக் கணக்கைக் கொடுத்தாகிவிட்டது. கடன் நின்றுபோகும், கம்பெனி மூடிவிடும், அறுநூறு குடும்பம் தெருவுக்கு வரும், எல்லாம் அம்சவேணியால் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் காகிதத்தைக் கிழித்து, கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அப்போதும் ஒரு துண்டு மிதந்தது.

வராந்தாவில் காத்திருந்த வெள்ளிங்கிரியிடம் போய்ச் சொன்னேன். "ஆபீஸ்ல முறையை மாத்திட்டாங்க. இனிமே மணியார்டர் வராது. மாசாமாசம் அஞ்சாம் தேதி நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தர்றேன். நீங்க இந்தக் காலை வச்சுக்கிட்டு ஆபீசுக்கு வர வேண்டாம். வரவே கூடாது, சரிங்களா?"

"உங்களுக்கு எதுக்குங் அம்மிணி அந்தச் சிரமம்?"

"சிரமம் இல்லைங்க."

அன்றைக்குக் கையில் இருந்ததைக் கொடுத்தேன். என் சம்பளம் இரண்டாயிரத்து நூறு. அதில் நானூற்றைம்பது மாதாமாதம் சின்னவேடம்பட்டிக்குப் போனது. எட்டு வருடம் போனது. எந்தக் கிளார்க் செய்வாள்? நீங்கள் சொல்லுங்கள்.

ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது சுற்றிலும் பார்த்துக்கொள்வேன். யாராவது பார்த்துவிட்டார்களா, யாராவது கேட்டுவிட்டார்களா. அந்தத் தெருமுனையிலேயே நின்று கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொள்வேன். இருமல் சத்தம் வருகிறதா என்று. தவறாக நினைக்காதீர்கள். அவர் போக வேண்டும் என்று நான் ஒருநாளும் வேண்டியதில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்ற அக்கறைதான். பனிக்காலத்தில் அவருக்கு மூச்சு இழுக்கும். அப்போது எனக்கு இரண்டு மூன்று நாள் நன்றாகத் தூக்கம் வரும். ஏன் என்று தெரியவில்லை.

அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பணத்தை எண்ணாமல் மடியில் வைத்துக்கொள்வார். "பாரு மாராத்தா, நம்ம கம்பெனியாட்டம் எங்காச்சும் உண்டா? பணத்தைக் கையில குடுக்கறதுக்குன்னு ஆள் போட்டிருக்கான்" என்பார். மாராத்தாள் எனக்குக் காப்பி தருவார். பாலை எங்கிருந்தோ வாங்கி வந்திருப்பார்.

ஒருநாள் அவர் சொன்னார்: "கூட வேலை செஞ்சவன் பூராப் போய்ட்டானுங். என்னைய மட்டும் கூப்புடவே மாட்டேங்கறான். பட்டியல்ல எம்பேரு உட்டுப்போச்சாட்ட இருக்குது." சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். என் கையில் இருந்த டம்ளர் சாய்ந்து புடவையெல்லாம் காப்பி.

அடுத்த வருடம் ஏப்ரலில் ஆக்சுவரியிடமிருந்து கடிதம் வந்தது. நாலே வரி. நானூற்றுப் பதினெட்டாம் டோக்கன்காரர் இறந்ததாகப் போன வருடம் எழுதியிருக்கிறீர்கள், அவருடைய மனைவிக்குப் பாதிப் பென்ஷன் தொடங்கியதாகப் பட்டியலில் காணோம், விவரம் தெரிவிக்கவும். அந்தக் கடிதம் இரண்டு நாள் என் டிராயரில் கிடந்தது. டிராயரைத் திறக்கவே பயம். மூன்றாம் நாள் சேஷகோபாலன், "மெட்ராஸ் கடுதாசிக்குப் பதில் போட்டாச்சா?" என்று கேட்டார். "போட்டாச்சு சார்" என்று வந்துவிட்டது வாயில். அப்புறம் உட்கார்ந்து போட்டேன். 'மனைவி முன்னரே காலமாகிவிட்டார்.' ஒரே வரி. மேனேஜர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான் போட்டால் அவர் படிக்க மாட்டார், அவ்வளவு நம்பிக்கை.

அதற்கு முன்னால் நடந்தது நஞ்சப்பன் பிழை. இது மட்டும் என் பேனாவில் எழுதியது. ஆனால் வேறு என்ன எழுதியிருக்க முடியும்? நீங்களே அந்த மேஜையில் இருந்திருந்தால்? அந்த ஐந்தாம் தேதி மாராத்தாள் காப்பி கொண்டுவந்தபோது நான் அவர் காலைப் பார்த்தேன். தரையில் பதிகிறதா என்று பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

இரண்டாயிரத்து ஒன்று, ஐப்பசி. ஆபீஸுக்கு ஃபோன் வந்தது. நல்ல வேளை, நான்தான் எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர். "வெள்ளிங்கிரி காலையில தவறிட்டாருங். கம்பெனி மாலைக்குச் சொல்லோணும்."

மாலை. எட்டு வருடமாக இதை நான் நினைக்கவே இல்லை பாருங்கள். கேட்டுக்கு ஆள் வந்தால் நஞ்சப்பன் நோட்டைப் பிரிப்பார். நானூற்றுப் பதினெட்டு என்று மறுபடி எழுதுவார். மார்ச்சில் அந்த நோட்டை நான் மட்டும் பார்ப்பேன் என்று என்ன நிச்சயம்? அதற்குள் கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஒரு நம்பர் இரண்டு தடவை செத்தால் அது கேட்காதா?

"யாரையும் அனுப்பாதீங்க, மாலையோடு நானே வர்றேன்" என்று சொல்லி, தலைவலி என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். பூமார்க்கெட்டில் சம்பங்கி மாலை, இரட்டை வடம், கம்பெனி மாலை மாதிரியே. சின்ன அட்டையில் கம்பெனி பெயரை நானே எழுதிக் கட்டினேன். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஈரம் புடவையில் இறங்கியது.

வாசலில் யூனியன்காரர் ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார். "கேட்டுல போயி எழுதி மாலை வாங்கியாறேன்" என்று கிளம்பினார். நான் ஆட்டோவிலிருந்து கத்தினேன். "வேண்டாங்க! வாங்கியாச்சு! இதோ இருக்கு!" எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யூனியன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆபீசிலிருந்து நீங்களே வந்தீங்களா? குடுத்து வெச்ச மனுசன்" என்றார். நான் மாலையைப் போட்டேன். அவர் முகத்தைப் பார்த்தேன். எட்டு வருடத்தில் முதல் தடவையாக என் கணக்கில் இருந்தபடியே அவரும் இருந்தார். அப்படி ஒரு எண்ணம் வந்தது. சாவு வீட்டில் நிற்கும்போது மனதில் என்னென்னவோ வரும்.

கருமாதி முடிந்த நாலாம் நாள், பஸ் ஸ்டாப்பில் மாராத்தாளைப் பார்த்தேன். ஆபீஸ் பக்கத்து ஸ்டாப். வெள்ளைச் சேலை, கையில் மஞ்சள்பை. பையில் ரேஷன் கார்டும் அவருடைய டோக்கன் வில்லையும். நான் பாதி ரோட்டில் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன்.

"எங்க வந்தீங்க?"

"உங்களைத்தேன் பாக்க வந்தேன் அம்மிணி. அவுரு சொல்லுவாருங், நான் போனாலும் உனக்குப் பாதி வருமுன்னு. அதுக்கு எங்க எழுதிக் குடுக்கோணும்?"

ரோட்டின் எதிர்ப்பக்கம் நஞ்சப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தார். சேஷகோபாலனின் கார் கேட்டில் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் பையை வாங்கி மறைக்க வேண்டும்போல் இருந்தது.

"அது... அந்தத் திட்டம் நின்னுபோச்சுங்க்கா."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

அவர் கேட்டைத் திரும்பிப் பார்த்தார். "செரி அம்மிணி. நீங்க சொன்னாச் செரியாத்தான் இருக்கும்." பையை மடித்து இடுக்கிக்கொண்டார். வந்த பஸ்ஸிலேயே நான் ஏற்றிவிட்டேன். டிக்கெட்டுக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

பாதியை நான் கொடுத்திருக்கலாம் என்று உங்கள் முகம் சொல்கிறது. இருநூற்று இருபத்தைந்து. பையன் அப்போது இன்ஜினியரிங் சேர்ந்த வருடம் கண்ணு. எவ்வளவு கட்ட வேண்டியிருந்தது தெரியுமா? அப்புறம் நான் ஓய்வு பெற்றேன். என் கிராஜுவிட்டி ஒரு பைசா குறையாமல் வந்தது. அதில்தான் இந்த மாடியைக் கட்டினேன். பென்ஷனும் வருகிறது, ஒன்றாம் தேதியானால் பேங்கில் விழுந்துவிடும். கம்பெனியைக் குறை சொல்லக் கூடாது.

இன்றைக்கும் ஃபோன் அடித்தால் பக்கென்கிறது. கூரியர்காரன் பெயரைக் கேட்டால் பக்கென்கிறது. பழைய கணக்கையெல்லாம் திறந்து பார்ப்பார்களாமே? எத்தனை வருடம் வரைக்கும் திறப்பார்கள்? முப்பது வருடம் ஆனதையும் திறப்பார்களா? நீங்கள் அந்த வேலையில் இருக்கிறவர்கள், அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

என்ன சொன்னீர்கள்?

அடுத்த வருடக் கணக்கில் ஒரு வரி சேர்த்திருந்தால் போதுமா? பன்னிரண்டாயிரத்துக்கு எந்த பேங்கும் கடனை நிறுத்தாதா? பட்டியலில் ஆள் விட்டுப்போவது எல்லாக் கம்பெனியிலும் நடக்கிறதா? திட்டுவார்கள், திருத்துவார்கள், அவ்வளவுதானா?

அப்படிச் சொல்லாதீர்கள். உங்களுக்குச் சேஷகோபாலனைத் தெரியாது. அந்தக் காலம் தெரியாது. ஒரு வரி என்கிறீர்கள். ஒரு வரியாக இருந்தால் நான் எட்டு வருடம்... இல்லை. நீங்கள் சின்னப் பெண். தண்ணீர் குடியுங்கள். இல்லை, எனக்குத்தான். அந்தச் சொம்பை இப்படி நகர்த்துங்கள்.

மாராத்தாளா? அவருக்குப் பிள்ளைகள் இல்லை. சரவணம்பட்டியில் ஒரு பெண்கள் விடுதியில் பாத்திரம் கழுவச் சேர்ந்தார். எழுபத்தொன்பது வயதுவரை கழுவினார்.